பைக் ஓட்டத் தெரிந்தவர் முதன்முதலாக ஸ்னோமொபைலில் ஏறும்போது

நீங்கள் கேட்டது இது: பைக் நன்றாக ஓட்டுவீர்கள், பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலைத் தொட்டதே இல்லை. வாடகைக்கு ஒன்று எடுத்து நண்பர்களோடு போகப் போகிறீர்கள். புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் என்ன, கிளம்பும் முன் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பைக் பழக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது பாதி உதவி, பாதி வில்லங்கம். பைக்கில் வலது கையில் இருப்பது முன் பிரேக். குறுக்கே எதாவது வந்தால் யோசிக்கும் முன்பே வலது கை இறுகிவிடும். ஸ்னோமொபைலில் பிரேக் இடது கையில். வலது கையில் இருப்பது த்ராட்டில்; அதுவும் முறுக்குகிற பிடி இல்லை, கட்டைவிரலால் அழுத்துகிற சின்ன லீவர். பயத்தில் வலது கை இறுகினால் கட்டைவிரலும் சேர்ந்துதான் இறுகும். நிற்க வேண்டிய நேரத்தில் வண்டி பாய்கிறது. பாய்ந்ததும் பயம் கூடுகிறது, கை இன்னும் இறுகுகிறது. புதியவர்கள் மரத்தில் போய் முட்டுவதற்கு அதிவேக ஆசையைவிட இந்த இறுகல்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. காரை மட்டும் ஓட்டியவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர் கைக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

இதைச் சரிசெய்ய ஒரே வழி பழக்கம்தான், அதற்கு எஞ்சின் ஓட வேண்டியதில்லை. வண்டியில் உட்காருங்கள். வலது கட்டைவிரலைத் த்ராட்டிலில் வையுங்கள். யாராவது 'நில்' என்றதும் கட்டைவிரலை லீவரிலிருந்து முழுக்கத் தூக்கிவிட்டு, இடது கையை அழுத்துங்கள். தூக்கு, அழுத்து, தூக்கு, அழுத்து. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். இருந்தாலும் கை தானாகச் செய்யும் வரை விடாதீர்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சமதளமான திறந்த இடத்தில் நடக்கும் வேகத்தில் அதையே செய்யுங்கள். கட்டைவிரலை எடுத்தாலே வண்டி எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்பது அப்போது தெரியும். தளர்வான பனியில் பாதி நேரம் பிரேக்கே தேவைப்படாது.

இன்னொரு விஷயம் ஆரம்பத்திலேயே எல்லோரையும் ஏமாற்றும். இதில் கியர் மாற்றுவது கிடையாது, க்ளட்ச் லீவர் கிடையாது. முன்னே ஒரு கப்பி, பின்னே ஒரு கப்பி, நடுவே அகலமான ரப்பர் பெல்ட். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்வரை முன் கப்பி பெல்ட்டைப் பிடிக்காது, வண்டி நகராது. புதியவர் 'ஏன் நகரவில்லை' என்று விரலை இன்னும் அழுத்துவார். ஒரு கட்டத்தில் கப்பி சட்டென்று பெல்ட்டைக் கவ்வும், வண்டி குதித்துக் கிளம்பும், உடம்பு பின்னால் சாயும், சாய்கிற உடம்பைப் பிடித்து நிறுத்தக் கை இறுகும். மறுபடி அதே கதை. விரலை மிக மெதுவாக அழுத்தி, பெல்ட் பிடிக்கும் அந்தப் புள்ளி எங்கே என்று தேடிப் பிடித்து, அங்கேயே விளையாடிப் பழகுங்கள். அது கைவந்துவிட்டால் மீதி ஓட்டம் பெரிய விஷயமில்லை.

கையில் கயிறு ஒன்று தருவார்கள். டெதர் என்பார்கள். ஒரு முனை வண்டியில் மாட்டும் மூடி, மறு முனை உங்கள் ஜாக்கெட்டில் கோக்கும் கொக்கி. நீங்கள் கீழே விழுந்தால் கயிறு மூடியை இழுத்துவிடும், எஞ்சின் அணைந்துவிடும். பலர் இதை ஹேண்டில்பாரிலேயே சுற்றி வைத்துவிடுகிறார்கள், ஏறி இறங்கத் தொந்தரவாம். ஆளில்லாத 250 கிலோ வண்டி சரிவில் தானாக ஓடினால் அடுத்தவருக்கு என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்த்தால் அந்தத் தொந்தரவு ஒன்றுமில்லை. கொக்கியைக் கழன்றுவிடாத, உறுதியான இடத்தில் மாட்டுங்கள். ஸிப்பின் நுனியில் மாட்டினால் ஸிப் நுனி பிய்ந்துவரும், கயிறு வேலை செய்யாது.

அடுத்தது வளைவு. பைக்கைச் சாய்த்தால் திரும்பும். இது அப்படிச் சாயாது. முன்னால் ஸ்கீக்கள் என்னும் இரண்டு சறுக்குப் பட்டைகள், அவற்றின் அடியில் பனியைக் கீறிப் பிடிக்கும் உலோகக் கத்திகள். பின்னால் சுழன்று வண்டியைத் தள்ளும் அகலமான ரப்பர் பட்டை, அதுதான் ட்ராக். த்ராட்டில் கொடுத்தால் எடை பின்னால் போகும், ஸ்கீக்கள் இலேசாகும், கத்திகள் பிடிக்காது. ஹேண்டில்பார் வளைந்திருக்கும், வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் புதியவர் இன்னும் வளைப்பார், பயனில்லை. செய்ய வேண்டியது நேர் எதிர்: விரலைத் தளர்த்துங்கள், எடை முன்னால் வரும், ஸ்கீ பிடிக்கும். வளைவுக்கு முன்பே, நேரான பாதையிலேயே பிரேக்கை முடித்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் லேசான, சீரான த்ராட்டில். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ட்ராக் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் வழுக்கும்.

உடம்பை மட்டும் வளைவின் உள்பக்கம் சாயுங்கள். அப்போதுதான் உள்பக்க ஸ்கீ தரையை விட்டு எழாமல் இருக்கும். ஆனால் பைக் ஓட்டுபவர்கள் செய்யும் இன்னொன்று வேண்டவே வேண்டாம்: காலை வெளியே நீட்டி ஊன்றுவது. ஆழமான பனியில் நுழைந்த கால் அங்கேயே நின்றுவிடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். முழங்காலும் கணுக்காலும் போவது இப்படித்தான். வண்டி கவிழப் போகிறது என்று தெரிந்தால் அதைத் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். கட்டைவிரலை எடுத்துவிட்டு, கையை விட்டு, வண்டியிலிருந்து விலகி விழுங்கள். பனியில் விழுவது பெரும்பாலும் வலிக்காது. வண்டி உங்கள் மேல் விழுவது வலிக்கும்.

வேகத்தைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. 850 சிசி வண்டிகளில் 165 குதிரைத்திறனும் அதற்கு மேலும் தருபவை உண்டு. அது முதல் நாளுக்கான வண்டி இல்லை. வாடகைக் கடையில் 'பெரியது கொடுங்கள்' என்று கேட்பதைத் தவிருங்கள். இரவைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு. வண்டியின் விளக்கு பாதையை உபயோகமாகக் காட்டுவது சுமார் 60 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசைய ஒன்றரை நொடி. அதற்குள் 25 மீட்டர் போயிற்று. மீதி 35 மீட்டரில் நிறுத்தியாக வேண்டும். இறுகிய பனியிலேயே அது இழுபறி, ஐஸ் படிந்த பாதையில் நடக்காது. இருட்டில் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம்தான் உங்கள் வேகம். பகலிலும் ஒரு கண்கட்டு உண்டு: மேகமூட்டமான நாளில் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, மேடு பள்ளத்தின் நிழல் மறைந்துவிடும். இரண்டடிப் பள்ளம் கண்ணுக்கே தெரியாது. அந்த நாளில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கண்ணாடி கொஞ்சம் உதவும். வேகத்தைக் குறைப்பது அதைவிட உதவும்.

சரி, கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த வரிசையைச் சொல்கிறேன், எஞ்சின் அணைந்திருக்கும்போதே தொடங்க வேண்டும். முதலில் த்ராட்டில். அழுத்தி விடுங்கள், படக்கென்று திரும்பி வர வேண்டும். ஹேண்டில்பாரை முழுக்க இடது பக்கம் திருப்பி ஒருமுறை, முழுக்க வலது பக்கம் திருப்பி ஒருமுறை இதையே செய்யுங்கள். கேபிளுக்குள் ஈரம் போய் உறைந்தாலோ லீவரைச் சுற்றி ஐஸ் கட்டினாலோ த்ராட்டில் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். இது காலையில் ஒருமுறை பார்த்தால் முடிகிற வேலை இல்லை; சாப்பிட நிறுத்திவிட்டுத் திரும்பி வரும்போது உருகிய பனி மறுபடி உறைந்திருக்கும். ஒவ்வொரு முறை எஞ்சினை ஓட்டும் முன்பும் பாருங்கள். இரண்டே நொடி.

அப்புறம் பிரேக். லீவர் உறுதியாக இருக்க வேண்டும், பிடியைத் தொடும் வரை அமுங்கக் கூடாது. பார்க்கிங் பிரேக் போட்டிருந்தால் எடுங்கள்; அதை மறந்து ஓட்டிப் பிரேக்கைச் சூடாக்கிக் கெடுப்பது வாடகை வண்டிகளில் சகஜம். ஹேண்டில்பார் இரு பக்கமும் தடையின்றித் திரும்புகிறதா, ஸ்கீயை மாட்டியிருக்கும் போல்ட்டுகள் ஆடவில்லையா, அடியிலுள்ள கத்திகள் தேய்ந்து வட்டமாகிவிட்டனவா, ட்ராக்கில் கிழிசல் இருக்கிறதா, அது நடுவில் ஓடுகிறதா. முன் விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு எரிகின்றனவா. பின் விளக்கின் மேல் பனி அப்பியிருந்தால் துடையுங்கள், பயணத்தின் நடுவிலும் துடையுங்கள். பெட்ரோல், எஞ்சின் ஆயில். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் எரிந்து தீர்ந்துகொண்டே இருக்கும், தனித் தொட்டியில் அளவைப் பார்க்க வேண்டும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு டெதரை இழுத்துப் பாருங்கள். அணைய வேண்டும். மறுபடி ஓடவிட்டு, ஹேண்டில்பாரில் இருக்கும் எமர்ஜென்சி சுவிட்சை அழுத்துங்கள். அதிலும் அணைய வேண்டும். இரண்டில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் அந்த வண்டி வேண்டாம். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவது கார்பன் மோனாக்சைடை அடைத்துச் சுவாசிப்பது. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் ஸ்கீயும் ட்ராக்கும் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். 'எடுத்தால் வந்துவிடும்' என்று முழு த்ராட்டில் கொடுப்பவர்கள் பெல்ட்டைக் கருக்குகிறார்கள். ஸ்கீயை முன் வளையத்தைப் பிடித்து ஆட்டி விடுவியுங்கள், பின்பக்கத்தை பம்பரைப் பிடித்து லேசாகத் தூக்கி வையுங்கள். தூக்கும்போது முதுகை வளைக்காமல் காலால் எழுந்திருங்கள். அப்போது எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஓடும் ட்ராக்குக்குப் பின்னால் யாரும் எப்போதும் நிற்கக் கூடாது. சில வண்டிகளின் ட்ராக்கில் ஐஸில் பிடிக்க ஆணிகள் அடித்திருப்பார்கள்; ஒன்று கழன்று வந்தால் தோட்டா வேகத்தில் வரும். எஞ்சினும் பெல்ட்டும் சூடேறச் சில நிமிடம் கொடுங்கள், முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். குளிரில் விறைத்த பெல்ட்டை உடனே விரட்டினால் அது நடுவழியில் அறுந்து பழிவாங்கும்.

ரிவர்ஸ் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் ரிவர்ஸுக்குத் தனி கியர் இல்லை. பட்டனை அழுத்தினால் எஞ்சின் அணையும் அளவுக்குத் தளர்ந்து, எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பிக்கும். வேடிக்கையான ஏற்பாடு, ஆனால் வேலை செய்கிறது. பிரச்சினை என்னவென்றால் வண்டி இப்போது எந்தத் திசையில் போகும் என்பது சத்தத்தில் தெரியாது. டாஷ்போர்டில் விளக்கு எரிகிறதா, பீப் ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டே விரலை அழுத்துங்கள்.

பனி இல்லாத இடத்தில் ஓட்டுவதும் ஒரு தவறுதான், அதைப் பலர் தவறென்றே நினைப்பதில்லை. ட்ராக் ஓடும் தண்டவாளத்தில் பிளாஸ்டிக் பட்டைகள் உண்டு. அவற்றுக்கு உராய்வு குறைப்பது பனிதான். நீரால் குளிரூட்டும் எஞ்சினில் வெப்பம் வெளியேறும் தகடுகள் ட்ராக்குக்கு மேலே இருக்கும். ட்ராக் அள்ளி வீசும் பனிதான் அவற்றைக் குளிர்விக்கும். தார் சாலையிலும் வழவழப்பான ஐஸிலும் நெடுநேரம் ஓட்டினால் பட்டை உருகும், வெப்ப விளக்கு எரியும். அப்படி எரிந்தால் பாதையோரத்துத் தளர்வான பனியில் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டுங்கள், பெரும்பாலும் தணிந்துவிடும். கடினமான பாதைக்கென்றே பனியைச் சுரண்டித் தெறிக்கவிடும் கம்பிகள் சில வண்டிகளில் இருக்கும். ரிவர்ஸ் எடுக்கும் முன் அவற்றை மேலே மடக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடையில் புதியவர்கள் குளிரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள், ஏனென்றால் வெப்பமானியைப் பார்க்கிறார்கள், காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. மைனஸ் 15 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் பட்டால் தோலுக்கு அது மைனஸ் 29 மாதிரி. காற்றே அடிக்காத நாளிலும் வண்டியின் வேகம் அந்தக் காற்றைக் கொண்டுவந்துவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவே ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத உடை. பருத்தி வேண்டாம்; வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், நின்றதும் உடம்பைக் குளிர்வித்துவிடும். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், மூச்சுக்காற்று கண்ணாடியில் படாமல் தடுக்கும் மூக்குத் திரை, ஒரு ஜோடி உபரி கையுறை. மஃப்ளரை முனை தொங்கவிட்டுக் கட்டாதீர்கள், ஓடும் பாகத்தில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. மூக்கு நுனி, கன்னம், காது வெளுத்து மரத்துப்போனால் அது உறைபனிக் காயத்தின் தொடக்கம். தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். வெறும் உள்ளங்கையை வைத்து மூடிச் சூடாக்கி, காற்றில்லாத இடத்துக்குப் போங்கள். உங்கள் மூக்கு உங்களுக்குத் தெரியாது, அதனால் நிற்கும்போதெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள்.

கூட்டமாகப் போகும்போது முன்வண்டியை ஒட்டிப் போவதுதான் வழக்கமான தவறு. அது கிளப்பும் பனித்தூளில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர் நின்றதும் தெரியாது. தூள் அடங்கும் அளவு இடைவெளி விடுங்கள். அனுபவமுள்ள இருவரில் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். புதியவர் நடுவில், முன்னவருக்குப் பின்னாலேயே இருந்தால் நல்லது. பின்னால் வருபவரைக் கவனிப்பது ஒவ்வொருவர் பொறுப்பு. திருப்பத்தில் அவர் வரும்வரை நில்லுங்கள். கைச் சைகைகள் சில தெரிந்திருக்க வேண்டும். கையை நேராகத் தலைக்குமேல் உயர்த்தினால் நிற்கிறேன். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினால் இடப்பக்கம் திரும்புகிறேன். இடது முழங்கையை மடக்கி முன்கையைச் செங்குத்தாக வைத்தால் வலப்பக்கம். கட்டைவிரலைத் தோளுக்குமேல் பின்னோக்கிக் காட்டினால் எனக்குப் பின்னால் இன்னும் வண்டிகள் வருகின்றன. முன்கையைச் செங்குத்தாக வைத்து முஷ்டியை மூடிக் காட்டினால் நான்தான் கடைசி. ஆனால் வளைவில் சைகை காட்டுவதற்காகக் கையை எடுத்துக் கட்டுப்பாட்டை இழக்க வேண்டாம். எதிரே வருபவர் சைகை காட்டவில்லை என்பதற்காக அவர் தனியாக வருகிறார் என்றும் நம்ப வேண்டாம்.

குருட்டு வளைவிலும் மேட்டு உச்சியிலும் உங்கள் ஓரத்தை விடாதீர்கள். பாதையைச் சமப்படுத்தும் அகலமான இயந்திரங்கள் பெரும்பாலும் இரவில்தான் வேலை செய்யும். எதிரே பார்த்தால் ஓரம் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். ஸ்கீ போட்டு நடப்பவர்கள், நாய் இழுக்கும் ஸ்லெட்ஜ்கள் வந்தாலும் மெதுவாகி ஒதுங்குங்கள், நாய்கள் இருந்தால் எஞ்சினை அணைப்பது மரியாதை. சாலையைக் கடக்கும் முன் முழுக்க நில்லுங்கள். இருவர் உட்காரும் வண்டி என்றால் மட்டும் ஒருவரை ஏற்றுங்கள், அதுவும் முதல் நாளில் வேண்டாம். குழந்தையைப் பின்னால் ஏற்றுவதென்றால் அதன் கால்கள் பலகையில் எட்ட வேண்டும். பின்னால் ஸ்லெட்ஜ் இழுப்பதென்றால் கயிறு போட்டு இழுக்காதீர்கள். நீங்கள் பிரேக் போட்டதும் அது வந்து முட்டும். விறைப்பான இரும்பு இணைப்புதான் சரி.

இனி உறைந்த ஏரி. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மற்றத் தவறுகளுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும்.

ஸ்னோமொபைலுக்குப் புதிய, தெளிவான ஐஸ் 5 முதல் 7 அங்குலம், அதாவது சுமார் 13 முதல் 18 சென்டிமீட்டராவது வேண்டும் என்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கைவளத் துறை சொல்லும் வழிகாட்டி அளவு. அது தெளிவான ஐஸுக்கு மட்டும். பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸின் வலிமை அதில் பாதிதான், எனவே அங்கே இரட்டிப்புத் தடிமன் வேண்டும். அந்த அளவு இருந்தாலும் ஏரி முழுக்க ஒரே தடிமனாக இருக்காது. ஓடை வந்து சேரும் இடம், வெளியேறும் இடம், பாலத்தின் அடி, குறுகலான நீர்வழி, நாணல், பாறை, படகுத்துறையைச் சுற்றிய இடம் எல்லாம் மெல்லியவை. மேலே கனமான பனி மூடியிருந்தால் அது குளிரை உள்ளே விடாமல் ஐஸ் தடிக்கவிடாது. நேற்று ஒருவர் போன தடம் இருக்கிறது என்பது இன்று பாதுகாப்பு என்பதற்குச் சான்றே இல்லை. ஆற்றின் மேல் ஐஸை நான் ஒருபோதும் நம்புவதில்லை. கீழே ஓடும் நீர் அதை அரித்துக்கொண்டே இருக்கும். அந்த ஊரில் தினமும் போய்வருபவர் சொன்னால் ஒழிய ஏரிக்குள் இறங்காதீர்கள். இறங்கினால் இடைவெளி விட்டுப் போங்கள், ஒரே இடத்தில் கூட்டமாக நிற்காதீர்கள்.

ஐஸ் உறுதியாக இருந்தும் அதன் மேல் தண்ணீரும் பனியும் கலந்த கூழ் மறைந்திருக்கலாம். திடீரென்று வண்டி இழுபட்டுக் கனமானால் அதுதான். நிற்காதீர்கள், சீரான த்ராட்டிலோடு கெட்டியான இடம் வரை போய்விடுங்கள். நின்றால் ட்ராக் கூழில் மூழ்கி, சற்று நேரத்தில் உறைந்து கல்லாகிவிடும்.

ஐஸ் உடைந்து நீரில் விழுந்தால் என்ன செய்வது? கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்ப்ரெக்ட் குளிர்நீர் ஆய்வுகளுக்காக அறியப்பட்டவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். அப்போது பதறாமல் தலையை நீருக்குமேல் வைத்து மூச்சை அடக்குவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்ன பேச்சைக் கேட்கும். வெளியேற வேண்டியது அதற்குள். அதன் பிறகு குளிரால் நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். விழுந்த கணத்திலேயே செத்துவிடுவோம் என்ற பயம்தான் பலரைத் தவறாகத் துடிக்கவைக்கிறது, நேரம் இருக்கிறது. வந்த திசைக்கே திரும்புங்கள், அந்த ஐஸ்தான் உங்களைத் தாங்கியது என்று தெரியும். கழுத்தில் மாட்டும் ஐஸ் குத்தூசிகள் ஒரு ஜோடி விற்பார்கள். அவற்றை விளிம்பில் குத்திப் பிடித்து, கால்களை நீந்துவதுபோல் உதைத்து உடம்பைப் படுக்கையாக்கி மேலே ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். குத்தூசி பையின் அடியில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம், மார்பில் தொங்க வேண்டும். ஏரியில் ஓட்டுவதென்றால் மிதக்கும் தன்மையுள்ள உடைகளும் கிடைக்கின்றன.

மலைப்பகுதி பற்றிச் சுருக்கமாக. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் நிகழ்கிறது. அவையே ஸ்னோமொபைலில் ஏறிப் பார்க்க ஆசையைத் தூண்டும் சரிவுகளும். சிக்கியவர்களின் விபத்துகளில் பெரும்பாலானவற்றில் பனிச்சரிவைக் கிளப்பியது அவரோ அவர் கூட்டத்தில் ஒருவரோதான். பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), புதைந்தவரைத் துழாவ நீட்டுக் குத்துக்கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். பீக்கன் உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதை வண்டியில் இல்லாமல் உடம்பில் கட்ட வேண்டும், செல்போனைத் தள்ளி வைக்க வேண்டும். புதைந்தவரை 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும், பிறகு வேகமாகச் சரியும். அதனால் வெளியிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்க முடியாது, கூட வந்தவர்தான் உதவி. ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும் சரிவில், மற்றவர்கள் பனி வந்து சேராத இடத்தில். மேலே ஒருவர் மாட்டிக்கொண்டால் உதவ இன்னொருவர் ஏறக் கூடாது. அவரே தோண்டி எடுக்கட்டும். இதையெல்லாம் சொன்னேன் என்றாலும், முதல் சீசனில் அந்தச் சரிவுகள் பக்கமே போகாதீர்கள். மலையடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் அதே சரிவுக்குக் கீழேதான் நிற்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்.

ஆழமான பனியில் மாட்டிக்கொள்வது கட்டாயம் நடக்கும், அதில் வெட்கமில்லை. தவறு, மாட்டியதும் த்ராட்டிலை அழுத்துவது. ட்ராக் தனக்கே குழி தோண்டிக்கொண்டு இறங்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, கால்பலகைக்கு அடியிலும் வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் உள்ள பனியைத் தோண்டி எடுங்கள். ட்ராக்குக்கு முன்னால் இருக்கும் பனியை மிதித்து இறுக்கி, ஒரு சரிவுப் பாதை மாதிரி ஆக்குங்கள். ஸ்கீக்களை கீழ்நோக்கிய திசைக்கு இழுத்துத் திருப்புங்கள். பிறகு மெதுவான த்ராட்டில். அடுத்த முறை நிற்க நேர்ந்தால் சரிவின் கீழ்நோக்கியோ, உங்கள் சொந்தத் தடத்தின் மேலோ நில்லுங்கள், கிளம்புவது சுலபம்.

பெல்ட் அறுந்தால் முதலில் எஞ்சினை அணையுங்கள், சூடு ஆறட்டும், பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். மூடியில்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது கூடாது. கையில் இருக்க வேண்டியவை: உபரி பெல்ட், இழுவைக் கயிறு, கருவிகள், முதலுதவிப் பெட்டி, தலைவிளக்கு, நெருப்பு மூட்ட ஏதாவது, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், சிக்னல் இல்லாத பகுதியென்றால் செயற்கைக்கோள் செய்திக் கருவி. செல்போனை உள்ஜாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று விழும். பெட்ரோலை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பாக ஒன்று. ஆழமான பனியில் வண்டி குடிக்கும் அளவு பாதையில் குடிப்பதைவிட மிக அதிகம் என்பதால் இந்தக் கணக்கு அதிகமாகத் தோன்றினாலும் அதிகமில்லை. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எந்த நேரம் தாண்டினால் உதவி கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சூடு ஏறும் என்று ஒரு வாய் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உடம்பின் உள்வெப்பத்தை வெளியே விடுகிறது.

வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்பதால் கடைசியாக இது. கடைக்காரர் அவசரமாக 'இது ஸ்டார்ட், இது பிரேக், போய்வாருங்கள்' என்று முடிக்கப் பார்த்தால் விடாதீர்கள். டெதர், எமர்ஜென்சி சுவிட்ச், ரிவர்ஸ், கைப்பிடிச் சூடு, எந்தப் பெட்ரோல், ஆயில் எங்கே ஊற்றுவது, இப்போதிருக்கும் கீறல்கள், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஏரிகளில் போகக் கூடாது எல்லாவற்றையும் கேளுங்கள். அந்தப் பகுதியில் உரிமமோ பயிற்சிச் சான்றோ தேவையா என்பதையும் கேளுங்கள். நாட்டுக்கு நாடு மாறும். முதல் அரை மணி நேரம் கடைக்குப் பக்கத்துச் சமதளத்தில் ஓட்டிப் பார்க்க விடச் சொல்லுங்கள். உபரி பெல்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூடியைத் திறந்து காட்டட்டும். காட்ட முடியவில்லை என்றால் வேறு கடையைப் பாருங்கள்.